ஆரஞ்சு இருக்கா, அண்ணி?

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு மூக்கு மேல கோபம் வரும். இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸுல டிக்கெட் பரிசோதகரா இருந்தவ நான். டிக்கெட் எடுக்காம ஜன்னல் வழியா வானத்தை ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு உட்கார்ந்திருப்பானே, அவனைப் படியில கால் வைக்கும்போதே கண்டுபிடிச்சுடுவேன். பொய்யுன்னா எனக்கு அறவே ஆகாது, இது என் டிப்போ முழுக்கத் தெரிஞ்ச சமாச்சாரம். அப்படிப்பட்ட நான்தான் என் தம்பி பொண்டாட்டிகிட்ட ஒரு மாசம், தினம் ஒரு பொய்யா சொல்லிக்கிட்டிருந்தேன். அதுவும் ஒரு மிட்டாய்க்காக! எதுக்குச் சொன்னேன்னு இன்னிக்கு யோசிச்சாலும் எனக்கே தலையும் புரியல, வாலும் புரியல.

ஆனா இது என் கதை இல்ல, அவ கதை.

அவ பத்தொம்பது வருஷம் ஒரு சோப்புக் கம்பெனியில வேலை பார்த்தா. என்ன வேலைன்னு கேட்டா சிரிப்பீங்க. மோந்து பார்க்கிற வேலை. ஒரு நீள மேஜை, மேல வரிசையா சோப்புக் கட்டி, பக்கத்துல ஒரு கிண்ணம் நிறைய காபிக்கொட்டை. மூக்கு களைச்சுப் போனா காபிக்கொட்டையை மோந்து அதை எழுப்பிக்கணுமாம். ஒவ்வொரு தடவை சோப்பு காய்ச்சும்போதும் ஒரு கட்டி வெட்டி இவகிட்ட வரும். இவ "போகலாம்"னு சொன்னாத்தான் மத்ததெல்லாம் உறைக்குள்ள போகும். ஒரு தடவை மானேஜரே வந்து நின்னு, "எல்லாம் சரியாத்தானே இருக்கு, விடுங்கம்மா"ன்னு கேட்டிருக்காரு. இவ விடல. அப்புறம் பார்த்தா அந்தச் சோப்புல ஊத்தின எண்ணெய் பழசு. அன்னியிலேர்ந்து கம்பெனியில அவளுக்கு 'மூக்கு மேடம்'னு பேரு. வீட்டுல நாங்க மேடத்தைக் கழிச்சுட்டு 'மூக்கு'ன்னு மட்டும் வச்சுக்கிட்டோம்.

சும்மா சொல்லக்கூடாது, அது மூக்கு இல்ல, போலீஸ் ஸ்டேஷன். மேல் வீட்டுல கேஸ் கசியுதுன்னு மூணாவது மாடியில நம்ம வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டே சொன்னா, அந்த வீட்டுக்காரங்களுக்கே அப்பத் தெரியாது. என் தம்பி கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிறவன், சாதுப் பய. கல்யாணமான புதுசுல திருட்டுத்தனமா சிகரெட் பிடிச்சுட்டு, வாய் கொப்பளிச்சு, ரெண்டு ஏலக்காயை மென்னுக்கிட்டு வருவான். இவ கதவைத் திறக்காமலே உள்ளேர்ந்து, "அங்கேயே நில்லுங்க"ம்பா. பாவம், அந்த பயத்துலயே விட்டுட்டான்.

போன வருஷம் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு. பத்து நாள் படுத்து எழுந்தா. திரும்ப வேலைக்குப் போனா. ஒரு மாசம்கூட ஆகல, ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்து பையை மாட்டிட்டு, "வேலையை விட்டுட்டேன்"னா.

"ஏன்டி? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல அண்ணி. போதும்னு தோணுச்சு."

போதும்னு தோணுச்சாம்! என் தம்பி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். ரெண்டு பேருக்கும் ஒண்ணும் விளங்கல. ரெண்டு மாசம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தா. கூப்பிட்டா "ம்?"னு திரும்புவா, அவ்வளவுதான்.

அப்புறம் திடீர்னு ஒரு நாள் ஒரு சின்னத் தராசு, பாகுக்குள்ள விடற தெர்மாமீட்டர், கையில பிடிச்சு அடிக்கிற பீட்டர் எல்லாம் வாங்கிட்டு வந்து இறங்கினா. மார்ஷ்மெல்லோ பண்ணப் போறாளாம், அதான் அந்தப் பஞ்சு மாதிரி அமுங்கற வெள்ளைக்கார மிட்டாய். நான் வாயைப் பொளந்தேன். எங்க வீட்டுல யாரு அதைத் தின்னா?

ஆனா அவ பண்ற அழகைப் பார்க்கணும். ஜெலட்டினைத் தராசுல நிறுத்து, பச்சைத் தண்ணியில பத்து நிமிஷம் ஊற வைப்பா. சர்க்கரையும் தண்ணியும் அடுப்புல கொதிக்கும். தெர்மாமீட்டர் நூத்திப் பதினஞ்சைத் தொட்டதும் பட்டுனு அடுப்பை அணைப்பா. ஊறின ஜெலட்டின்மேல பாகை நூல் மாதிரி ஊத்திக்கிட்டே பீட்டரால அடிப்பா, கடிகாரத்தைப் பார்த்துப் பன்னெண்டு நிமிஷம். பழுப்பா இருந்தது வெளுத்து, பொங்கி, பாத்திரத்தோட விளிம்புக்கு வந்து நிக்கும். தட்டுல கார்ன்ஃப்ளோரும் பொடிச்ச சர்க்கரையும் தூவி அதை ஊத்தி, ஒரு துணியைப் போட்டு மூடி, மறுநாள் வரைக்கும் விட்டுடணும். எல்லாம் எடை, எல்லாம் நிமிஷம், எல்லாம் டிகிரி. சோப்புக் கம்பெனியில எதையும் அளக்காம ஒரே மூச்சுல சொன்னவ, இப்ப கண்ணைத் தராசுல ஒட்ட வச்சுக்கிட்டு நிக்கிறா. ஊறின ஜெலட்டின் ஈரத்தோல் மாதிரி ஒரு நாத்தம் அடிக்கும், நான் கதவுக்கு வெளியில போயிடுவேன். இவ முகத்தை அதுமேலயே வச்சுக்கிட்டுக் கிண்டுவா, ஒரு சுளிப்பு கிடையாது. அதைக் கண்ணால பார்த்தேனே, எனக்கு ஒண்ணும் உறைக்கல. பெரிய பரிசோதகர்!

எதிர்வீட்டுக்காரி ரெண்டு துண்டை வாங்கிட்டுப் போய் அவ வேலை பார்க்கிற காபிக்கடையில காட்டினா. அந்தக் கடைக்கார அம்மாவுக்கு மூணு கடை. வெள்ளைத் துண்டை வாயில போட்டதும், "இது பஞ்சு மாதிரி வருது, ஆனா எனக்கு ஆரஞ்சு, எலுமிச்சை வாசனையில வேணும். ஒவ்வொரு கப்பு பக்கத்துலயும் ஒரு துண்டு வைப்பேன். நல்லா வந்தா மூணு கடைக்கும் நீங்களே கொடுங்க"ன்னு சொல்லியனுப்பினாங்க.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? இவ முகம் வெளிறிப் போச்சு.

"என்னம்மா, பிடிக்கலையா?"

"பிடிக்காம என்ன அண்ணி. இதாவது கையில நிக்கணும். இதுவும் போச்சுன்னா நான் எதுக்குமே லாயக்கில்லாம ஜன்னல்கிட்டத்தான் உட்காரணும்."

அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "தினம் ஒரு துண்டு தர்றேன். வாசனை சரியா இருக்கா, ஆரஞ்சு ஆரஞ்சா தெரியுதான்னு நீங்கதான் சொல்லணும். அவரைக் கேட்டா எதைக் கொடுத்தாலும் நல்லாருக்கும்பாரு. நீங்கதான் முகத்துக்கு நேரா சொல்லுவீங்க"ன்னா.

மூக்கு மேடம் என்னைக் கேக்கிறாளேன்னு எனக்குப் பெருமை தாங்கல. ஏன் கேக்கிறான்னு யோசிச்சேனா? இல்ல.

இப்ப என் அசிங்கத்தைச் சொல்றேன். எனக்கு அந்த மார்ஷ்மெல்லோ சுத்தமாப் பிடிக்காது. பல்லுல பட்டதும் அப்படியே அமுங்கி எழுந்துக்குது, சீ! முதல் நாள் ஓரத்தைக் கடிச்சதுக்கே உடம்பெல்லாம் கூசிடுச்சு. "எப்படி அண்ணி?"ன்னு அவ கண்ணை அகல விரிச்சுக்கிட்டு நிக்கிறா. பிடிக்கலன்னு எப்படிச் சொல்றது? "சரியா இருக்கு"ன்னேன். மறுநாள் துண்டை வாங்கிக்கிட்டு என் ரூமுக்குப் போய், கதவுல தொங்கற பழைய தோல் பைக்குள்ள போட்டேன். பஸ்ஸுல அபராத ரசீது வச்சிருந்த பை அது. ரெண்டு நிமிஷம் கழிச்சு வாயைத் துடைச்சுக்கிட்டு வந்து, "ஆரஞ்சு நல்லா தெரியுது"ன்னேன். வீட்டுக் குப்பையில போட்டா அவ பார்த்துடுவா. கீழே இறங்கிப் போய்ப் போடலாம்னா மூணு மாடி, என் முட்டி ரெண்டும் அதுக்கு ஒத்துழைக்காது. அதனால எல்லாம் அந்தப் பைக்குள்ளயே சேர்ந்துச்சு.

முட்டின்னதும் ஞாபகம் வருது. பஸ் படி ஏறி ஏறியே தேய்ஞ்ச முட்டி. காலையில, மத்தியானம், சாயங்காலம்னு மூணு வேளையும் தைலம் தேய்ச்சாத்தான் எழுந்து நடக்க முடியும். இதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்குங்க.

அதுக்குள்ள மழை பிடிச்சுக்கிச்சு. சமையலறைச் சுவரெல்லாம் நனைஞ்சு, தட்டுல இருந்த மார்ஷ்மெல்லோ கசிஞ்சு பிசுபிசுன்னு ஆயிடுச்சு. அவ கண் கலங்கிட்டா. நான்தான் பெரிய மனசு பண்ணி, "என் ரூம்ல கொண்டு வந்து வைம்மா. ஈரமும் இல்ல, எறும்பும் இல்ல"ன்னேன். கட்டில் பக்கத்துல ஸ்டூல் போட்டு, தட்டை வச்சு, மூடறதுக்கு என் துண்டையே எடுத்துக் கொடுத்தேன். இத்தனை உபகாரம் பண்ணினவ நான்!

நடுவுல என் தம்பி ஒரு நாள் என்கிட்ட வந்து குசுகுசுன்னு, "அக்கா, அவளுக்கு என்மேல ஏதாவது வருத்தமா?"ன்னான்.

"ஏன்டா?"

"நான் மறுபடி சிகரெட் பிடிக்க ஆரம்பிச்சுட்டேன். ரெண்டு மாசமாச்சு. ஏலக்காய்கூட மெல்லறதில்ல. பக்கத்துல வந்து உட்கார்றா, ஒரு வார்த்தை திட்டல. நான் எக்கேடு கெட்டா என்னன்னு விட்டுட்டாளா?"

நான் அவன் தலையில ஒண்ணு போட்டு, "திட்டலன்னு வருத்தப்படற முதல் ஆள் நீதான்டா"ன்னு அனுப்பிட்டேன். ஆனா அவன் முகம் சரியில்ல. எனக்கும் மனசுக்குள்ள ஏதோ இடிச்சுது. வேலையை விட்டா, பால் பொங்கிக் கருகினாலும் பக்கத்துலயே நிக்கிறா, புருஷனைத் திட்ட மாட்டேங்கிறா. என்னதான் ஆச்சு இவளுக்கு?

கடைக்கு அனுப்ப வேண்டிய பெட்டி தயாராச்சு. ஆரஞ்சுத் தோலைத் துருவி சர்க்கரையில போட்டுத் தேய்ச்சு, ஜெலட்டினை ஆரஞ்சுச் சாறுலயே ஊற வச்சுப் பண்ணினது. எலுமிச்சையும் அதே மாதிரி. என் ரூம்ல ஒரு ராத்திரி உறைஞ்சு, காலையில எண்ணெய் தடவின கத்தியால சதுரம் சதுரமா வெட்டினா. பார்க்க அப்படி ஒரு அழகு. "எப்படி அண்ணி?" "பிரமாதம்." பைக்குள்ள இன்னொண்ணு.

பெட்டி அன்னிக்கே கடைக்குப் போச்சு. மறுநாள் கடைக்கார அம்மா கூப்பிட்டாங்கன்னு இவ போனா. அரை மணி நேரத்துல அதே பெட்டியோட திரும்பி வந்தா. குடை பிடிக்க மறந்து தொப்பலா நனைஞ்சிருந்தா.

"தைலம் மாதிரி வாசனை வருதாம் அண்ணி. வாயில போட்டா மூக்கடைப்பு விட்டுப் போகுதாம். 'நான் மிட்டாய் கேட்டேன், நீங்க மருந்து கொடுத்திருக்கீங்க'ன்னு சிரிக்கிறாங்க. வியாழக்கிழமை இன்னொரு பெட்டி கொண்டு வரணுமாம். அதுவும் இப்படி இருந்தா வேற ஆள் பார்த்துக்குவாங்களாம்."

"தைலமா? என்ன உளறல் அது!"

"நீங்க மோந்து பாருங்க."

பார்த்தேன். எனக்கு ஒரு வாசனையும் வரல. சர்க்கரை வாசனை லேசா வந்த மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். "ஒண்ணும் இல்லையே"ன்னு அவகிட்ட நீட்டினேன். அவளும் மூக்குல வச்சு இழுத்தா. நான் மறுபடி மோந்தேன். அவ மறுபடி மோந்தா. ஒரு பெட்டியை நடுவுல வச்சுக்கிட்டு ரெண்டு பொம்பளைங்க திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நின்னோம். அந்த அம்மாவுக்குத்தான் ஜலதோஷமோன்னுகூட எனக்குத் தோணிச்சு.

சாயங்காலம் என் தம்பி வந்தான். செருப்பைக்கூடக் கழட்டல, பெட்டியை அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். ஒரே ஒரு தடவை இழுத்தான்.

"அக்கா தைலம்தான். இதுல என்ன சந்தேகம்? உன் ரூமே அந்த வாசனைதானே. துண்டு, போர்வை, எல்லாம். உனக்குப் பழகிப் போச்சு, தெரியல." அப்புறம் அவன் பொண்டாட்டி பக்கம் திரும்பினான். "உனக்கு எப்படித் தெரியாம போச்சு? நீ தெருமுனையிலேர்ந்தே சொல்றவளாச்சே?"

அவ நாற்காலியில உட்கார்ந்தா. பெட்டியை எடுத்து மடியில வச்சுக்கிட்டா.

"எனக்கு எதுவுமே தெரியல. காய்ச்சல் போனதிலேர்ந்து ஒரு வாசனையும் தெரியல. எட்டு மாசமாச்சு. இனிப்பு தெரியுது, புளிப்பு தெரியுது. ஆரஞ்சா எலுமிச்சையான்னு கேட்டா தெரியாது. கம்பெனியில ரெண்டு தடவை தப்பான சோப்பை விட்டுட்டேன். அவங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நானே விலகிட்டேன்."

"என்கிட்டச் சொல்லக்கூடாதா?"ன்னான் என் தம்பி.

"மூக்கு மூக்குன்னுதானே எல்லாரும் கூப்பிடறீங்க. அது இல்லன்னா நான் யாருன்னு எனக்கே தெரியல. எப்படிச் சொல்றது?"

அவன் கை தானா சட்டைப் பைக்குப் போச்சு. சிகரெட் பெட்டியை எடுத்து மேஜை மேல வச்சான். அவ அதைப் பார்த்தா, அவனைப் பார்த்தா. "எப்பலேர்ந்து?"ன்னா. "ரெண்டு மாசம்"னான். சொல்லும்போதே அழுதுட்டான் மடையன். அவளுக்கும் சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல.

அதோட முடிஞ்சிருந்தா நல்லாருக்கும். எல்லாம் என் தைலத்தோட தப்புன்னு போயிருக்கும், நானும் தப்பிச்சிருப்பேன். ஆனா அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு யோசிச்சா.

"ஆனா ஒண்ணு மட்டும் புரியல. மோந்தா தெரியாது, பழகிப் போச்சு, சரி. வாயில போட்டா தைலம் காட்டிக் கொடுத்திருக்குமே? அண்ணி தினம் சாப்பிட்டாங்களே. அண்ணி பொய் சொல்ல மாட்டாங்களே."

என் தம்பியும் ஆமான்னு தலையாட்டினான். ரெண்டு பேரும் என்னைப் பார்த்தாங்க. சந்தேகப்பட்டுப் பார்க்கல, பதில் தெரியும்னு நம்பிப் பார்த்தாங்க. அதுதான் என்னால தாங்க முடியல. வயசாச்சு, நாக்கு செத்துப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நம்பியிருப்பாங்க. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. இருபத்தெட்டு வருஷம் நான் கேட்ட சால்ஜாப்பு எல்லாமே அந்த மாதிரிதான் இருக்கும்.

எழுந்து போய்த் தோல் பையை எடுத்துட்டு வந்து மேஜை மேல கவுத்தேன். ஒரு மாசத்து மார்ஷ்மெல்லோ பொலபொலன்னு விழுந்துச்சு. பழசெல்லாம் காய்ஞ்சு கல்லாயிருந்துச்சு, மேஜையில பட்டு டொக்கு டொக்குன்னு சத்தம் வந்துச்சு.

அவ ஒண்ணை எடுத்துத் திருப்பிப் பார்த்தா.

"ஒரு நாள்கூடவா அண்ணி?"

"முதல் நாள் மட்டும் ஓரத்தைக் கடிச்சேன். எனக்கு அது பிடிக்காதும்மா. நீ கேக்கும்போது சொல்ல முடியல."

அவ கத்துவான்னு நினைச்சேன். நானா இருந்தா அந்தப் பையாலேயே அடிச்சிருப்பேன். அவ கத்தல. திரும்பி வந்த பெட்டியிலேர்ந்து ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில வச்சா.

"இப்ப சாப்பிடுங்க."

போட்டுக்கிட்டேன். மென்னேன். தைலம் தொண்டை வரைக்கும் ஏறுச்சு, கண்ணுல தண்ணி வந்துச்சு. அது தைலத்தாலயா வேற எதாலயான்னு எனக்குத் தெரியல.

"ஆரஞ்சு இருக்கா, அண்ணி?"

"இருக்கு. தைலத்துக்குப் பின்னாடி, எங்கேயோ இருக்கு."

"நிஜமாவா?"

இத்தனை வருஷத்துல என்னைப் பார்த்து அவ அந்த வார்த்தையைக் கேட்டதே இல்ல.

அப்புறம் நான் தைலத்தைத் தொடல. முட்டி ரெண்டும் வலிச்சு உயிர் போச்சு, போகட்டும்னு விட்டேன். தட்டு அவங்க ரூமுக்குப் போச்சு, துவைச்ச புதுத் துணி போட்டு மூடினா. என் தம்பி விசிறியைப் போட்டு ஈரத்தை விரட்டினான். வியாழக்கிழமை காலையில வெட்டி, முதல் துண்டை என்கிட்ட நீட்டினா. அவ முன்னாடியே நின்னு தின்னேன். தோலோட கசப்பு ஒரு பொட்டு, அப்புறம் ஆரஞ்சை இப்பத்தான் உரிச்ச மாதிரி ஒரு வாசனை. "இருக்கும்மா, நல்லாவே இருக்கு"ன்னேன்.

தலையாட்டினா. உடனே அடுத்த துண்டை என் தம்பிகிட்ட கொடுத்தா. "நீங்களும் ஒண்ணு சாப்பிட்டுச் சொல்லுங்க." அவன் தின்னுட்டு இருக்குன்னு சொன்னப்புறம்தான் பெட்டியை மூடினா.

எதைக் கொடுத்தாலும் நல்லாருக்கும்பான்னு அவனை ஒதுக்கி வச்சிருந்தாளே, இப்ப அவன் எனக்கு சாட்சி. நான் கோபப்பட முடியுமா? ஒரு தடவை டிக்கெட் இல்லாம மாட்டினவன், மறுநாள் டிக்கெட்டை நீட்டிக்கிட்டு நின்னாலும், நானும் வாங்கித் திருப்பிப் பார்த்துட்டுத்தான் கொடுப்பேன்.

மூணு கடைக்கும் இப்ப அவதான் கொடுக்கிறா. மூக்கு இன்னும் திரும்பி வரல. டாக்டர் வரலாம்கிறாரு, வராமலும் போகலாம்கிறாரு. மூக்குன்னு நாங்க இப்பக் கூப்பிடறதில்ல. தினம் காலையில எனக்கு ஒரு துண்டு, அவனுக்கு ஒரு துண்டு. எனக்கு அந்தச் சனியன் இன்னும் பிடிக்கல. மென்னு முழுங்கிட்டு, அவ கேக்காமலே வாயைத் திறந்து காட்டறேன்.